பன்னிரண்டு வோல்ட் இருந்தும்

திண்டிவனத்திலிருந்து வரும் வழியெல்லாம் வெப்பமுள் நடுவிலேயே நின்றது. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்த சில நிமிடங்களில் சிவப்புக்கு ஏறிவிட்டது. வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றால்தான் ஃபேன் வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் அளவு சரி. (சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.)

•

ஏசியைப் போட்டேன். பெரும்பாலான கார்களில் எஞ்சின் சூடாகாவிட்டாலும் ஏசிக்காக ஃபேன் சுற்றும். இதில் அசையவில்லை. அப்படியானால் வெப்ப சென்சார் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

•

ஃபியூஸ் நல்லது. ரிலேயில் ‘டிக்’ கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் 85, 86 கால்களுக்கு இடையிலுள்ள சுருள் வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். 30-லிருந்து 87-க்கு மின்சாரத்தைக் கடத்தும் பாயின்ட் கருகியிருந்தாலும் டிக் கேட்கும்.

•

ஃபேனின் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தார் எலெக்ட்ரீசியன் அண்ணன். 12.4 வோல்ட். ஐந்து வாட் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. “கரண்ட் வருது சார், மோட்டார்தான் போச்சு, மாத்திடலாம்” என்றார். இந்த இடத்தில்தான் எத்தனையோ நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போகின்றன.

கப்ளரை மாட்டியே அளக்கலாம் என்றேன். ரிலேயைக் கழற்றி 30, 87 துளைகளைத் தடித்த வயரால் இணைத்தோம். ஃபேன் லேசாக நடுங்கி நின்றது. கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முனைகளைச் செருகினால் 3 வோல்ட்தான்! மீதி எங்கே? சிவப்பு முனையை ஃபேனின் எர்த் வயரிலும் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தோம். 9 வோல்ட். நல்ல எர்த்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

கணக்கு எளிது. எர்த்தில் ஒரு ஓம் தடை. அதன் வழியே 9 ஆம்பியர் பாய்ந்தால் 9 வோல்ட் அங்கேயே போய்விடும். டெஸ்ட் லேம்ப் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதற்கு அரை வோல்ட்கூட இழப்பில்லை. மீட்டருக்குப் பாய்வதோ ஒன்றுமே இல்லாத அளவு. சுமை இல்லாமல் அளந்ததால்தான் இரண்டும் நல்ல சேதி சொல்லின.

•

ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட். அடியில் துரு, வயர் முனையில் பச்சைக் களிம்பு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். மேலே வாசலின் பூச்சு. மறுபடி அளந்தபோது எர்த்தில் 0.2 வோல்ட். ஃபேன் காற்று சட்டையைத் தள்ளியது.

•

சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். நெகட்டிவைக் கழற்றாமல் அதன் பக்கம் கை போகக் கூடாது.

•

அதே போல்ட்டில் இடது ஹெட்லைட்டின் எர்த்தும் இருந்தது. மாதக்கணக்கில் அது மங்கலாக எரிந்ததற்குப் பல்பின் வயதுதான் காரணம் என்று எண்ணியிருந்தேன். இன்று இரவு இரண்டும் ஒரே வெளிச்சம்.