ஒரு பீப்பாய்க்குக் கையில் எவ்வளவு நிற்கும்?

கச்சா எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்தாலே, எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்குக் கொள்ளை லாபம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். உண்மையில் ஒரு பீப்பாய் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்!

திருச்சிக்காரர்களுக்கு இது அரபு நாட்டு விஷயம் மட்டுமல்ல. மலைக்கோட்டை நிற்பது மிகப் பழைய கடினப் பாறை. அங்கே தோண்டினால் எண்ணெய் வராது. ஆனால் ஊருக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை பக்கம் போனால் கடல் சங்குகளின் படிமங்கள் பொட்டலில் கிடக்கும். ஒரு காலத்தில் அது கடல். அந்தக் கடல் படிவுகள்தான் கிழக்கே சரிந்து, டெல்டா வயல்களுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்துக்குப் போகின்றன. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுக்கும் இடங்களெல்லாம் இந்தக் காவிரிப் படுகையில்தான். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற தண்ணீர் போய்ச் சேருகிற அதே பக்கம்.

சரி, கணக்கு. பீப்பாய் என்றால் 42 அமெரிக்க காலன், சுமார் 159 லிட்டர். விலை 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2016 மார்ச் முதல் விலையில் 20 சதவீதம் செஸ் மத்திய அரசுக்கு. அதில் 14 போச்சு. நிலத்தில் எடுத்தால் மாநில அரசுக்கு ராயல்டி. தோராயமாக 12 என்று போடலாம். மிச்சம் 44. இதிலிருந்துதான் எண்ணெயை மேலே கொண்டுவரும் செலவு, கிணறு தோண்டிய பழைய செலவு, ஒன்றும் கிடைக்காமல் போன கிணறுகளின் செலவு, அப்புறம் வருமான வரி எல்லாம்.

இதில் பலரும் கோட்டை விடுவது மேலே கொண்டுவரும் செலவில்தான். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு டிபன் கடை என்று வையுங்கள். வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் சேர்த்து நாளைக்கு 4000 ரூபாய். தேர் அன்றைக்கு 400 தோசை போனால் தோசைக்குப் பத்து ரூபாய்தான் சுமை. ஈ ஓட்டுகிற நாளில் 100 தோசை போனால் நாற்பது. மாவு விலையில் மாற்றமே இல்லை!

எண்ணெய் வயலும் அப்படித்தான். நாள் செலவு 10,000 டாலர் என்று கற்பனை செய்வோம். 1000 பீப்பாய் வந்தால் ஒன்றுக்கு 10 டாலர். 400 ஆகக் குறைந்தால் 25. 200 என்றால் 50. மிச்சமிருந்த 44-ஐத் தாண்டிவிட்டது, நஷ்டம். போதாக்குறைக்கு வயசான கிணற்றில் எண்ணெயோடு தண்ணீரும் கூடிக்கொண்டே போகும். அதைப் பிரிக்க வேண்டும், எங்காவது தள்ள வேண்டும், அதற்கும் செலவு.

இயற்கை எரிவாயு வந்தால் குழப்பம் கூடும். அறிக்கைகளில் வாயுவையும் 'பீப்பாய் சமானம்' என்று மாற்றிச் சேர்த்துவிடுவார்கள். ஒரு பீப்பாய் எண்ணெயின் வெப்பம் சுமார் 5.8 மில்லியன் பி.டி.யு. 2023 ஏப்ரலில் பழைய வயல்களின் வாயுவுக்கு ஒரு மில்லியன் பி.டி.யு.வுக்கு 6.5 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பெருக்கினால் 38 டாலருக்குக் கீழே. வெப்பம் ஒன்றுதான், காசு பாதிதான். வாயு அதிகமுள்ள வயலையும் எண்ணெய் வயலையும் 'பீப்பாய்க்கு இத்தனை' என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

விலை ஏறினால் லாபம் ஏறும் என்பதும் நிச்சயமில்லை. 2013-14-ல் உலக விலை 100 டாலருக்கு மேல். ஆனால் டீசல், மண்ணெண்ணெய், சமையல் கேஸ் மானியத்தில் பங்கு என்று தள்ளுபடி கொடுத்தது போக ஓ.என்.ஜி.சி. கையில் நின்றது சுமார் 41 டாலர். 2022 ஜூலை 1 அன்று, எதிர்பாராத லாபத்துக்கு வரி என்று டன்னுக்கு 23,250 ரூபாய் போட்டார்கள். பீப்பாய்க் கணக்கில் கிட்டத்தட்ட 40 டாலர்! ஏற்றி இறக்கி, 2024 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள். ஆக, இங்கே லாபத்தை நிர்ணயிப்பதில் பூமிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு டெல்லிக்கும் உண்டு.

இத்தனை கழித்தலிலும் வராத ஓர் ஆள் வயல்காரர். கிணறு இருக்கிற நிலத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள், அது செலவில் ஏறிவிடும். பக்கத்து வயலுக்கு? 2017 ஜூன் 30 அன்று கும்பகோணம் பக்கம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது, ஊரே திரண்டது. அந்த வருஷம்தான் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் போராடியது. குறுவை கெட்டுவிடுமோ என்கிற பயத்துக்கு டாலரில் விலை போட முடியாது என்பார்கள். அதற்காக அதைப் பூஜ்யம் என்று எழுதிவிடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை போட்டது. திருச்சி அந்தப் பட்டியலில் வரவில்லை. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. அவற்றில் பீப்பாய் குறையக் குறைய அந்தத் தோசைக் கணக்குதான் ஓடும். கடைசியில் கிணற்றை சிமெண்ட் போட்டு அடைத்து, நிலத்தைச் சரிசெய்து கொடுக்கிற செலவு வரும். அன்றைக்கு அதை வகுக்க ஒரு பீப்பாய்கூட இருக்காது. அதனால் எண்ணெய் வரும்போதே அதற்கும் சேர்த்து ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள்.