பத்து வருடம் தள்ளி வந்த கடிதம்

பதினாறு வயதில் ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர், இன்னும் பத்து வருடம் கழித்து இருக்கப்போகும் அதே ஆள்.

ஜப்பானில் இதை வைத்து ஒரு சித்திரக்கதைத் தொடர் இருக்கிறது. 'ஆரஞ்ச்'. இச்சிகோ தகானோ, 2012-இல் தொடங்கியது. நஹோ என்ற பள்ளி மாணவிக்கு, இருபத்தாறு வயது நஹோ எழுதுகிறாள்.

நன்றாகப் படி என்று கடிதத்தில் இல்லை.

வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், இன்று மட்டும் அவனை உங்களோடு அழைத்துப் போகாதீர்கள் என்று இருக்கிறது.

அழைத்துப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் அவன் வீட்டில் நடந்தது பிறகுதான் தெரியவருகிறது.

எந்தச் சாயங்காலம் முக்கியம் என்று தெரியவே பத்து வருடம் ஆகியிருக்கிறது அவளுக்கு.

நம் பக்கம் 'கணம்' படம். 2022, இயக்கியவர் ஸ்ரீ கார்த்திக். மூன்று நண்பர்கள் 1998-க்குப் போய்ச் சிறுவர்களாக இருக்கும் தங்களையே பார்க்கிறார்கள். ஒருவனுக்கு அம்மாவைக் காப்பாற்ற வேண்டும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பையன்கள். புத்தி சொல்ல இவர்கள் வந்து நிற்க, அவர்கள் கால இயந்திரத்தில் ஏறி இந்தக் காலத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

தனக்குத் தானே எழுதும் இந்தக் கடிதக் கதை, பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவலாகத் தமிழில் வர வேண்டும். ரொம்ப நாளாக ஆசை.

புத்தி சொல்லும் கடிதம் என்றால் மு.வ.வின் 'தம்பிக்கு' இருக்கிறது. முழுக்க அண்ணனின் கடிதங்கள். அந்த அக்கறை பொய்யில்லை. ஆனால் தம்பிக்கு அது அண்ணனுடைய குரல்தான். தன் குரலில் வந்தால்?

தன்னிடமே பேசுவது குறளில் உண்டு, 'நெஞ்சொடு கிளத்தல்'. 125-ஆவது அதிகாரம், காமத்துப்பாலில். முதல் குறளிலேயே தலைவி தன் நெஞ்சிடம் இந்த நோய்க்கு ஒரு மருந்து யோசித்துச் சொல்லேன் என்கிறாள்.

கேட்பவளும் அவள். சொல்ல வேண்டியதும் அவள்.

கதை கேளம்பாக்கத்தில் நடக்கட்டும்.

வண்டலூர் ரோடு ஓ.எம்.ஆரில் வந்து சேரும் இடம். சுற்றிலும் போர்டுகள். கோச்சிங் சென்டர், இன்ஜினியரிங் அட்மிஷன், மனை விற்பனை. எல்லாமே யாருக்கோ சொல்லப்படும் புத்திமதி.

இந்த ஊர்ப் பெரியவர் யாரைக் காலத்தில் பின்னால் அனுப்பினாலும் முதலில் சொல்வது: "டேய், ரோட்டோரமா ரெண்டு கிரவுண்டு வாங்கிப் போடுடா."

பதினாறு வயதில் கையில் பஸ் காசுதான் இருக்கும்.

முடிச்சூரில் வீடு கட்டியவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் என்று தேதி போட்டு.

கிழக்கே உப்பளங்கள். மழை வந்தால் உப்பு எடுப்பது நின்றுவிடும். பாத்தியில் வெறும் தண்ணீர். குளிர்காலத்தில் பூநாரை இறங்கும். பஸ்ஸில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் எந்தப் பெரியவரும் கடிதத்தில் எழுத மாட்டார். நான் எழுதுவேன். பார்த்து வை, நின்று பார், என்று.

உப்பளம் தாண்டினால் கோவளம். கடல்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். ஞாயிறு. காலை. அரைப்பரீட்சை லீவு.

பிள்ளைகள் கடற்கரையில் கிரிக்கெட் ஆடும் நேரம்.

நஹோவுக்கு வந்த மாதிரியே ஒரு வரி போதும். நாளைக்குக் கடற்கரைக்குப் போகாதே.

கதையில் கடிதம் பெறும் பையன் நம்புவானா? கடல் ஊருக்குள் வரும் என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. கையெழுத்து மட்டும் அவனுடையது. 'ற' போடும்போது வால் நீளும், அது கூட.

நம்பிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் போகவில்லை. மற்றவர்கள்?

மீனவர் குப்பத்துக்கு யார் சொல்வது? பத்தாவது படிக்கும் பையன் சொல்லி யார் வலையை விட்டுவிட்டு மேட்டுக்கு வருவார்கள்? "போய்ப் படிடா" என்பார்கள்.

முதலில் ஆயாவிடம் சொல்வான். ஆயா கேட்பாள். காரணம் கேட்காமல் வருவாள்.

அடுத்த வீடு கஷ்டம்.

கடிதத்தை யாருக்காவது காட்டலாமா? காட்டலாம் என்று வைக்கிறேன். அவன் ஒருவனே சுமக்கிற மாதிரி எழுத மனம் வரவில்லை.

கதை சனிக்கிழமை மாலையில் தொடங்க வேண்டும். கையில் ஒரு ராத்திரிதான்.