அம்மாவின் தும்பும் மகளின் நுணுக்குக்காட்டியும்

தும்பு வேலை செய்யும் பெண்களிடம் என்ன தொழில் என்று கேட்டால், "தொழில் ஒண்டும் இல்ல தங்கச்சி, வீட்டிலதான்" என்பார்கள். இறக்கக்கண்டியில் போரில் கணவனை இழந்த ஓர் அக்காவும் அப்படித்தான் சொன்னார். களப்போரத்தில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, அடித்து, தும்பெடுத்து, கயிறு திரித்து 15 வருடங்களாகப் பிள்ளைகளைப் படிப்பிப்பவர் அவர்.

இளைய மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ஊறல் மட்டையின் நாற்றத்தைப் பிள்ளைகள் கேலி செய்வதால், தாயின் வேலையைப் பற்றி அவள் பாடசாலையில் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் தான் வாசித்த ஒரு முறையை எனக்கு விளக்கினாள். தாவரத்தில் நீரைக் கடத்தும் காழின் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவற்றைத் தனித்தனியே பார்க்க, மரச் சீவல்களை ஐதரசன் பரவொட்சைட்டும் செறிந்த அசற்றிக்கமிலமும் சமஅளவில் கலந்த திரவத்தில் இட்டு, 60 பாகை செல்சியசில் ஓரிரு நாள் வைப்பார்கள். பிராங்ளின் என்பவர் 1945இல் வெளியிட்ட முறை இது. சீவல் வெளுத்ததும் கழுவிக் குலுக்கினால் கலங்கள் பிரியும். சபிரனின் சாயமிட்டால் குழாய்களும் நார்களும் சிவப்பாகத் தெரியும். தோலைச் சுடும் திரவம் என்பதால் ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

"அம்மாவின்ர கிடங்கிலயும் இதுதானே நடக்குது?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

கிடங்கில் அமிலத்தின் வேலையைப் பற்றீரியாக்கள் மாதக்கணக்கில் மெதுவாகச் செய்கின்றன. தும்புகளைப் பிணைத்திருக்கும் பெக்ரின் போன்ற பசைகளை அவை தின்கின்றன. அப்போது எழும் ஐதரசன் சல்பைட்டு வாயுவும் அந்த நாற்றத்துக்கு ஒரு காரணம். இலிக்னின் நிறைந்த தும்பு அழுகாமல் நிற்கிறது. ஒரு தும்பு என்பது பல நுண்ணிய கலங்கள் சேர்ந்த கட்டு. ஆய்வுகூடம் அந்தக் கட்டையும் பிரித்துவிடும். பிறகு கயிறு திரிக்க முடியாது. எப்போது மட்டையைத் தூக்க வேண்டும் என்பதை அக்கா விரலால் கிழித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பின்னர் மகள் தாயின் தும்பைப் பாடசாலைக்குக் கொண்டுபோய், ஆசிரியரின் உதவியோடு நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். அது யார் எடுத்த தும்பு என்பதையும் வகுப்பில் சொன்னாளாம். அதைக் கேட்ட அக்கா, "இதையெல்லாம் படிப்பில சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று வியந்தார்.

சகோதரிகளே, வாழ்வாதார உதவிக்கும் கடனுக்கும் படிவம் நிரப்பும்போது தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுத விடாதீர்கள். அந்த ஒரு சொல்லால் உங்கள் உழைப்பு கணக்கில் வராமலே போய்விடும். அக்கா இப்போது "தும்புத் தொழில், 15 வருட அனுபவம்" என்று எழுதச் சொல்கிறார்.