புயலின் வலது கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் கட்டை விரலை நீட்டினாற்போல் கிடக்கிறது ப்ளோரிடா மாகாணம். அதன் மேற்கே மெக்ஸிகோ வளைகுடா. கிழக்கே அட்லாண்டிக் மகா சமுத்திரம். இடைப்பட்ட நிலத்தை எழுபதாம் எண் சாலை வழியாகப் பகல் பொழுதுக்குள் கடந்து விடலாம். மேற்குக் கரையில் பிராடென்டன் என்ற ஊரில் புறப்பட்டு, ஏறக்குறைய 150 மைல் ஓடி, கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸில் அது முடிகிறது.

நாம் இந்தச் சாலையில் சென்றது உல்லாசத்துக்காக மட்டும் அன்று. 2024-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி இரவு 8-30 மணிக்கு, இச்சாலையின் மேற்கு முனைக்குச் சற்றுத் தெற்கே, ஸியெஸ்டா தீவில் ஒரு பெரும்புயல் கரை ஏறியது. அதற்கு இட்ட பெயர் மில்டன். (மகா கவியின் பெயரை நினைவூட்டும் புயலுக்குக் கவிதையைக் காட்டிலும் கோபமே அதிகம் இருந்தது.) ஆனால் ஒரே குடியிருப்பில் ஆறு பேர் மாண்டது கிழக்கு முனையில், அதுவும் புயல் கரை ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பே! எல்லாரும் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, யமன் வேறொரு வாசல் வழியாக நுழைந்தது எப்படி? அதை அறியும் ஆவலே நம்மை இந்தச் சாலைக்கு இழுத்தது.

வழி நெடுகிலும் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மாடுகள் மேயும் புல்வெளி, ஆரஞ்சுத் தோட்டம், சடை சடையாகப் பாசி தொங்கும் ஓக் மரங்கள், மறுபடியும் புல்வெளி. ஆர்க்கேடியாவைத் தாண்டிச் சென்றால் ஒகீசோபி என்னும் ஊர் வருகிறது. அதன் தெற்கே அதே பெயருள்ள ஏரி, அக்கரை தெரியாமல் சமுத்திரம் போல் பரந்து கிடக்கிறது. 1928-ல் ஒரு பெரும்புயல் இந்த ஏரி நீரைக் கரைக்கு மேல் தள்ளியதில் 2,500 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பெரும்பாலோர் வயல் வேலை செய்த கறுப்பு நிறத்து ஏழைகள். வெஸ்ட் பாம் பீச் நகரில் வெள்ளையர் சடலங்களுக்குப் பெட்டி கிடைத்தது. கறுப்பர் சடலங்கள் பெருங்குழியில் போடப்பட்டன. அந்தக் குழிக்குப் பல காலம் ஓர் அடையாளக் கல் கூட இல்லை. காற்று நிறம் பார்க்கவில்லை, மனிதர் பார்த்தார்கள். இன்று ஏரியைச் சுற்றிப் பெரிய அணை எழுப்பியிருக்கிறார்கள்.

ஃபோர்ட் பியர்ஸ் வாசிகள் புயலுக்குப் புதியவர்கள் அல்லர். 2004 செப்டம்பரில் பிரான்ஸெஸ், ஜீன் என்ற இரண்டு பெரும்புயல்கள் மூன்று வார இடைவெளியில் இவ்வூருக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரே இடத்தில் கரை ஏறின. ஜன்னலுக்குப் பலகை அடிப்பதும், தண்ணீர் சேகரித்து வைப்பதும் அவர்களுக்குக் கை வந்த காரியம். ஆனால் மில்டன் வந்ததோ எதிர்க் கரைக்கு. புயல் நிபுணர்கள் வெளியிடும் படத்தில் புனல் போல் விரியும் ஒரு வடிவம் இருக்கும். புயலின் நடுப்புள்ளி எந்த எல்லைக்குள் நகரக்கூடும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது; அபாயத்தின் எல்லையை அன்று. படத்தைப் பார்க்கிறவர்களோ, கோட்டுக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று எண்ணுகிறார்கள்.

அன்று காலையிலேயே அடையாளம் தெரிந்தது. தெற்கே சதுப்பு நிலத்தைக் கடக்கும் நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு டொர்னாடோ நடந்து சென்றதைப் பலர் படம் பிடித்தார்கள். டொர்னாடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரையில் தொங்கிச் சுழலும் காற்றுத் தூண். நம் நாட்டுச் சூறைக்காற்றுக்கு அண்ணன் என்று சொல்ல முடியாது. பாட்டனுக்குப் பாட்டன் என்று சொல்லலாம். பெரும்புயலின் வயிற்றில் இவை பிறப்பதற்குக் காரணம் இருக்கிறது.

புயல் நகரும் திசையை நோக்கி நாம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள புயல்களில், முன்புறத்து வலது கைப் பக்கந்தான் டொர்னாடோவின் பிறப்பிடம். கடலைக் கடந்து நிலத்தில் நுழையும் காற்று, மரத்திலும் வீட்டிலும் உராய்ந்து தரையருகே வேகம் குன்றுகிறது. சில ஆயிரம் அடி உயரத்தில் வேகம் குறைவதில்லை, திசையும் மாறுகிறது. விளக்குத் திரியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஒரு கையை மெதுவாகவும் மற்றதை விரைவாகவும் நகர்த்தினால் திரி உருளும் அல்லவா? அப்படியே நடுவிலுள்ள காற்றும் படுத்த வாக்கில் உருளுகிறது. இடிமேகத்தில் மேல் நோக்கி எழும் காற்று அந்தத் திரியைத் தூக்கி நிமிர்த்தி விடுகிறது. மில்டன் வடகிழக்காக வந்தபடியால் தெற்கு, கிழக்குப் பிரதேசங்கள் அதன் வலது கைக்குள் அகப்பட்டன. மழைப் பட்டைகளுக்கு இடையே விழுந்த வெயில் தரையைச் சூடாக்கி, எரியும் அடுப்பில் எண்ணெய் வார்த்தது.

இத்தகைய டொர்னாடோக்களைத் துரத்திப் பிடிப்பது எளிதன்று. 2004-ல் ஐவன் என்ற புயல் மூன்று நாட்களில் ஏறக்குறைய 120 டொர்னாடோக்களைப் பெற்றது. பெரும்பாலும் இவை பலங் குறைந்தவை. சில நிமிஷங்களில் மறைபவை. மழைத் திரைக்குள் ஒளிந்து வருபவை. அவற்றைப் பெறும் மேகங்களும் குட்டையானவை. ரேடார் கதிரோ பூமியின் வளைவால், 60 மைல் தூரத்தில் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் போகிறது. குள்ளனைப் பிடிக்க மாடியிலிருந்து வலை வீசுகிற கதைதான்!

இந்தத் துறையின் தலைமை ஸ்தலம் ஒக்லஹோமா மாகாணத்து நார்மன் நகரில் இருக்கிறது. பல மணி நேரம் முன்னதாக, 'இந்தப் பிரதேசத்தில் டொர்னாடோ வரக்கூடும்' என்று அறிவிப்பது அங்கேதான். இந்தக் கலை பிறந்ததும் அம்மாகாணத்திலேதான். அமெரிக்க சர்க்காரின் வானிலை இலாகா, ஜனங்கள் பீதி அடைவார்கள் என்று அஞ்சி, 1880-களிலிருந்து 1938 வரையில் டொர்னாடோ என்ற சொல்லையே முன்னறிவிப்புகளில் வழங்கவொட்டாமல் தடுத்திருந்தது. ஜனங்களுக்கு உண்மையைத் தாங்கும் சக்தி இல்லை என்று அதிகாரிகள் தீர்மானிப்பது எல்லாத் தேசங்களிலும் உண்டு போலும். 1948 மார்ச் 20-ந் தேதி டிங்கர் விமான தளத்தை ஒரு டொர்னாடோ சூறையாடியது. பாபுஷ், மில்லர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, 25-ந் தேதி துணிந்து முன்னறிவிப்புச் செய்தார்கள். அன்று மாலையே அதே தளத்தில் மற்றொரு டொர்னாடோ இறங்கிற்று! முன்னதாக விமானங்களை ஒதுக்கி வைத்திருந்ததால் நஷ்டம் குறைந்தது. பிற்காலத்தில், 1971-ல், டொர்னாடோவின் உக்கிரத்துக்கு அளவுகோல் வகுத்தவர் ஜப்பானியரான பூஜிதா என்பதையும், 'ஸைக்ளோன்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் கல்கத்தாவில் இருந்து வங்கக் கடற் புயல்களை ஆராய்ந்த பிட்டிங்டன் என்பதையும் நம் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மில்டன் வந்த நாளில் நிபுணர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ப்ளோரிடாவில் மட்டும் 126 டொர்னாடோ எச்சரிக்கைகள் விடுத்தார்கள். அம்மாகாணத்தில் ஒரே நாளில் அதற்கு முன் அத்தனை விடுக்கப்பட்டதில்லை. 40-க்கு மேற்பட்ட டொர்னாடோக்கள் இறங்கியதாகப் பின்னர் கணக்கெடுத்தார்கள். ஆனால் எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் இடையே பத்து நிமிஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கே ஓடுவது?

ஃபோர்ட் பியர்ஸுக்கு அருகே அடிபட்ட பகுதி, ஓய்வு பெற்ற முதியோர் வசிக்கும் குடியிருப்பு. அங்குள்ளவை தொழிற்சாலையில் செய்து வண்டியில் ஏற்றி வந்து நிறுத்தும் மெல்லிய வீடுகள். விலை மலிவு. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு, குளிர் நாட்டிலிருந்து வெயிலைத் தேடி வருகிறவர்களுக்கு அவை சொர்க்கம். அன்று வீசிய காற்றின் தரம் அளவுகோலில் மூன்று. அதாவது மணிக்கு 136 மைலுக்குக் குறையாத வேகம். அமெரிக்காவில் டொர்னாடோவுக்குப் பலியாகிறவர்களில் மிகப் பெரிய பங்கினர் இத்தகைய வீடுகளில் வசிப்பவர்களே. தரைக்கடியில் அறை தோண்டலாமே என்றால், ப்ளோரிடாவில் இரண்டு முழம் தோண்டினாலே பல இடங்களில் நீர் சுரக்கிறது.

1992-ல் ஆண்ட்ரூ என்ற புயல் இவ்வகை வீடுகளை ஆயிரக்கணக்கில் துடைத்தெறிந்த பிறகு, 1994-ல் சர்க்கார் கண்டிப்பான விதிகளைக் கொண்டு வந்தது. அதன் பிறகு செய்த வீடுகள் முன்னவற்றைவிடத் திடமானவை. ஆனால் விதி புதிய வீட்டுக்குத்தான். ஏற்கனவே நின்றவற்றைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், பென்ஷன் பணத்தில் காலட்சேபம் செய்யும் கிழவர் எங்கே போவார்? பழைய வீடுகள் மாகாணமெங்கும் இன்னும் வரிசை வரிசையாக நிற்கின்றன.