மருந்து விடாத குவளை



போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சத்தம். தொட்டிக்கு அபேட் மருந்து ஊற்ற வந்த பெண்ணிடம் ஒருவர், "ஏம்மா, போன தடவையும் ஊத்தினே. புழு அப்படியே நெளியுது. இது மருந்தா, வெறும் தண்ணியா?" என்று கேட்டுவிட்டார். நாள் முழுக்க வெயிலில் மாடிப்படி ஏறி இறங்குகிறவர், பதில் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை.

புழு சாகவில்லை என்றால் மருந்து பழசாகிக் கெட்டிருக்கலாம். தொட்டியைக் காலி செய்து மறுபடி நிரப்பியதில் மருந்து போயிருக்கலாம். அல்லது புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கலாம். (ஒரே புழு பழகிக்கொள்வதில்லை, தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் பெருகுகின்றன.) பிரேசிலில் இப்படித்தான் டெங்குக் கொசுவுக்கு அபேட், அதாவது டெமிஃபாஸ், பல இடங்களில் பலிக்காமல் போய், வேறு மருந்துக்கு மாறினார்கள்.

எது காரணம் என்று தொட்டியை எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளைக்கு 25 புழு வீதம், ஒவ்வோர் அளவு மருந்துக்கும் குறைந்தது நான்கு குவளை. 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். ஊசியால் தொட்டும் அசையாதது செத்தது. மேலே எழும்பி வர முடியாமல் கிடப்பதையும் செத்ததாகவே எழுதுவார்கள்.

எனக்குப் பிடித்தது மருந்தே விடாத குவளைதான். அதிலும் சில புழு தானாகச் சாகும். அந்தச் சாவை மருந்தின் கணக்கில் சேர்த்தால் பொய்க்கணக்கு. 1925இல் ஆபட் என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். மருந்துள்ள குவளையில் 82 சதவீதம், இல்லாததில் 10 சதவீதம் செத்தால், 82இல் 10 போக 72. அதை 90ஆல் வகுத்தால் 80 சதவீதம். அதுதான் மருந்தின் வேலை. மருந்தில்லாத குவளையிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனையையே தள்ளிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

குடிதண்ணீரில் விடலாமா என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் விடலாம் என்பது அந்த நிறுவனத்தின் அளவு. தொட்டி கழுவும்போது உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது.

அந்தப் பெண் அடுத்த வாரமும் வருவார். வெயில் நேரம், ஒரு சொம்பு மோர் கொடுங்கள்.