சானடோரியம் ஸ்டேஷனில் தொடங்கும் ஒரு ராப் பயணம்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கிறது தாம்பரம் சானடோரியம். 1928-ல் காசநோயாளிகளுக்காக இங்கே தொடங்கப்பட்ட மருத்துவமனையால் வந்த பெயர். காலை வண்டியில் இறங்கும் கூட்டம் இரண்டாகப் பிரியும். கழுத்தில் அடையாள அட்டையோடு வேகமாக நடப்பவர்கள் மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். மஞ்சப்பையில் பழைய மருந்துச் சீட்டுகளோடு மெதுவாக நடப்பவர்கள் சித்தா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்.

2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம்தான் அந்த ஆஸ்பத்திரி. அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு: அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் ‘சித்தா ஆஸ்பத்திரி’ என்றாலே போதும் என்பதால், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

அயோத்திதாசர் (1845-1914) சித்த மருத்துவர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கியவர். தமிழர்களைச் ‘சாதி பேதமற்ற’வர்களாகப் பார்த்து எழுதியவர். நூறு ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் ஓர் இசைக்குழுவின் பெயரானது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. பறை, சட்டி, கட்டமோளம், கிட்டார், கானா எல்லாம் ஒன்றாக முழங்கிய அந்தக் குழுவில் ராப் பாடிய இளைஞர்தான் அறிவு.

அறிவின் ஊர் அரக்கோணம். தாம்பரத்திலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி, செங்கல்பட்டில் மேற்கே திரும்பும் பாதை காஞ்சிபுரம், திருமால்பூர், தக்கோலம் வழியாக அரக்கோணத்தைத் தொடும். அடுக்குமாடிகள் குறைந்து, ஏரிகளும் வயல்களும் ஜன்னலை நிறைக்கும். அறிவின் பாட்டுகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் பயணப்பட்டிருக்கின்றன, நகரத்து மேடையிலிருந்து ஊரை நோக்கி.

தொடக்கத்தில் அவருடைய ராப் வேகமானது, கேள்வி கேட்பது. 2018-ல் ‘காலா’ படத்துக்கு ‘உரிமையை மீட்போம்’ பாடலை எழுதினார். 2019-ல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து, சினிமாவைச் சாராமல் ‘தெருக்குரல்’ என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். திருக்குறளை நினைவூட்டும் தலைப்பு. உள்ளே பேசுவதோ தெரு. பிறகு ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ வந்தது. எழுதியதோடு அனிருத்துடன் சேர்ந்து பாடவும் செய்தார். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் குரல் பழகிவிட்டது.

2021 மார்ச்சில் வந்தது ‘எஞ்சாய் எஞ்சாமி’. பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இந்தப் பாட்டை யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். வீட்டுக் குழந்தைகள் துள்ளி ஆடிய அந்தப் பாட்டுக்குள் ஒரு துயரக் கதை இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவர். வெள்ளைக்காரர் காலத்தில் கூலிகளாகக் கப்பலேறிய குடும்பங்கள் மலையகக் காட்டைத் தோட்டமாக்கின. ஆனால், 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. காடு திருத்தியவர்களின் வாரிசுகளுக்குக் காலடி மண் சொந்தமில்லை. பாட்டியிடம் கேட்ட கதையும் ஒப்பாரியும்தான் பேரனின் ராப்புக்குள் புகுந்தன.

பாட்டு வளர்ந்தபோது, அது யாருடையது என்ற கேள்வியும் வளர்ந்தது. 2022 ஜூலை 28-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டை இசையமைத்து, எழுதி, பாடி, நடித்தது தானே என்று சமூக ஊடகத்தில் எழுதினார். தீயோ, அறிவுக்குரிய மரியாதையைத் தான் எப்போதும் கொடுத்துவந்ததாகச் சொன்னார். இசை தன்னுடையது என்றும், இது கூட்டு உழைப்பு என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார். ரசிகர்கள் இரண்டு பக்கமாக நின்று பேசினார்கள். சினிமாவுக்கு வெளியே வந்து பாடும் கலைஞருக்குப் பெயர்தான் முதல் சொத்து. அது எங்கே, எந்த வரிசையில் இடம்பெறுகிறது என்பது சின்ன விஷயமில்லை.

அதன் பிறகு அறிவு ஒதுங்கிப் போகவில்லை. ‘அம்பஸ்ஸா’ என்ற தன் குழுவைக் கட்டினார். 2024-ல் ஆல்பம் வெளியிட்டார். அதன் தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்த நேரத்தில், பாட்டி பெயரை முன்னால் வைத்து, தன்னை அவருடைய பேரன் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

அரக்கோணத்திலிருந்து அதே பாதையில் தாம்பரம் திரும்பி, சானடோரியத்தில் இறங்கினால் காலையில் பார்த்த அதே பெயர்ப்பலகை. மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பும் பெரியவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். அயோத்திதாசருக்குப் பலகை கிடைத்திருக்கிறது. தேயிலை பறித்த வள்ளியம்மாளுக்கு யாரும் பலகை வைக்கவில்லை. பேரன் ஒரு ஆல்பம் வைத்தார்.