வலி போன பிறகும் மாத்திரை தொடர்கிறதா?

'இலங்கைக்குக் கடத்தவிருந்த வலி நிவாரணி மாத்திரைகள் பறிமுதல்.' ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இப்படியொரு செய்தி எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு அடிக்கடி வரும். மூட்டைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, 'யாரோ கடத்தல்காரர்கள்' என்று எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். எனக்கோ, தங்கச்சிமடத்தில் இருக்கும் பெரியம்மா மகன் ஞாபகம் வரும்.

அண்ணனுக்கும் கடத்தலுக்கும் சம்பந்தமே இல்லை. மீன்பிடிக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பேங்க் எக்ஸாமை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவர். பைக் விபத்தில் கால் எலும்பு முறிந்தபோது, சில நாள்களுக்கு மட்டும் என்று டாக்டர் டிராமடால் எழுதிக் கொடுத்தார். எலும்பு கூடிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை.

முதலில் கவனித்தவர் மதினி. துவைக்கப் போட்ட சட்டைப்பையில் காலி அட்டைகள். "வலிக்கிதுன்னு போடலை, வலிச்சிருமோன்னு போடுறாக" என்றார்.

"ஒருநாள் லீவு போடாதவனைப் போயி இப்படிச் சொல்லலாமா?" என்றார் பெரியம்மா.

சிக்கலே அங்குதான். அடிமை என்றால் வேலைவெட்டி இல்லாமல் கிடப்பவர் என்றே நினைக்கிறோம். சாதிக்கிறவர்களோ, வேலை கெடக் கூடாது என்பதற்காகவே மாத்திரை போடுகிறார்கள். அதனால் அவர்களுடைய வேலை கடைசியில்தான் கெடும்.

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ், 2017 மே மாதம் சாலையோரம் நின்ற காரில் தூங்கிய நிலையில் போலீஸில் சிக்கினார். முதுகு ஆபரேஷன் முடிந்திருந்த நேரம். உடம்பில் மது இல்லை. வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் இருந்தன. சிகிச்சை எடுத்து, 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார்.

எல்லா வலி மாத்திரைகளும் இப்படி இழுப்பதில்லை. பாராசிட்டமால் வேறு. டிராமடால், டபென்டடால், கோடீன் போன்றவை அபின்போல மூளையில் வேலை செய்பவை. டிராமடாலை 2018-லேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* டாக்டர் சொன்ன நாள் முடிந்தும் தொடர்வது. ஒன்று போட்ட இடத்தில் இரண்டு போடுவது.
* மீட்டிங், பரீட்சை, பயணம் என்றால் வலி இல்லாமலே முன்கூட்டிப் போடுவது.
* பழைய சீட்டோடு வேறு வேறு மெடிக்கல் ஷாப்புக்குப் போவது, அட்டையை ஒளிப்பது.
* 'எத்தனை போட்டீங்க?' என்றால் எரிந்து விழுவது.
* வேளை தவறினால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, உடம்பு முறுக்கல்.

கடைசி அறிகுறிதான் ஆளை ஏமாற்றும். அண்ணன் ஒருநாள் தானாகவே நிறுத்திப் பார்த்தார். உடம்பெல்லாம் வலித்தது. "பாத்தியா, வலி திரும்பிருச்சு" என்று மறுபடியும் போட்டுக்கொண்டார். அது கால்வலி இல்லை. மாத்திரை கேட்டு உடம்பு போட்ட சண்டை.

மதினி சண்டை போடவில்லை. ஒரு மாதம் காலி அட்டைகளை எண்ணி, காலண்டரில் குறித்துக் காட்டினார். கணக்குப் பார்க்கிற மனுஷனுக்குக் கணக்குதான் புரியவைத்தது. இருவருமாக மனநல மருத்துவரிடம் போனார்கள். திடீரென நிறுத்தாமல், வாரக்கணக்கில் அளவைக் குறைத்தார் மருத்துவர்.

உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 (டெலி மானஸ்), 14446 (போதை மீட்பு உதவி) எண்களில் கட்டணமில்லாமல் பேசலாம். கேள்வியை மட்டும் மாற்றிக் கேளுங்கள். 'ஏன் இப்படிப் பண்றீங்க?' வேண்டாம், 'இன்னைக்கு வலி இருந்துச்சா?' போதும்.